மண் மாதிரியும் அதனை எடுத்த இடமும்

பிலிமத்தலாவையைச் சூழ்ந்த நிலம் சமதரையன்று. மேட்டிலே வீட்டுத்தோட்டங்களும், சரிவிலே மரக்கறிப் பாத்திகளும், பள்ளத்திலே படிப்படியாக இறங்கும் நெல்வயல்களும் அமைந்துள்ளன. மழைநீர் மேட்டின் நுண்மண்ணையும் சத்தையும் கீழே கொண்டு சேர்க்கின்றது. சரிவிலிருந்து கசியும் நீரால் பள்ளவயல்கள் சிலவற்றில் இரும்பு நச்சுத்தன்மை தோன்றுவதுமுண்டு. இவ்வாறிருக்க, மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலந்து ஒரே மாதிரியாகச் சோதனைக்கு அனுப்புதல் தவறாகும்.

எடுத்துக்காட்டாக, மேற்பாத்தியின் பீ.எச். பெறுமானம் 4.8 ஆகவும் கீழ்ப்பாத்தியினது 6.2 ஆகவும் இருப்பின், கலவை இடைப்பட்ட ஒன்றையே காட்டும். அது எப்பாத்திக்கும் உரியதன்று. அதன்படி சுண்ணாம்பிட்டால் மேலே போதாது, கீழே வீணாகும்.

இடஞ்சார் புள்ளிவிபரவியலின் அடிப்படை எளியது. அண்மையிலுள்ள இடங்கள் பெரும்பாலும் ஒத்திருக்கும்; தூரம் கூடக்கூட வேற்றுமையும் கூடும். ஆதலால் ஒரே மூலையில் எடுத்த 10 மாதிரிகள் 10 சாட்சிகளாகா. ஒரு சாட்சி பத்துமுறை பேசியதற்கே ஒப்பாகும். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் மாதிரிகளைக் கொண்டு கிரிக் என்பார் 1951 இல் இத்துறைக்கு வழிகோலினார். 1960களிற் பிரான்சிய அறிஞர் மதரோன் அதற்குக் கோட்பாடு வகுத்தார். சோதியாத இடத்தின் தன்மையை, அண்மையிலுள்ள மாதிரிகளுக்குக் கூடிய நிறை கொடுத்து மதிப்பிடுவதே அம்முறை. இன்று மண் வரைபடங்களும் அதனைக் கொண்டு ஆக்கப்படுகின்றன.

புதிய நெல்லினத்தைப் பழையதோடு ஒப்பிடுவோரும் இதனை மறத்தலாகாது. ஒன்றை மேல்வயலிலும் மற்றையதைக் கீழ்வயலிலும் விதைத்தால், விளைச்சல் காட்டுவது இனத்தின் சிறப்பா, இடத்தின் சிறப்பா என அறிய இயலாது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1919 இற் பணியேற்ற பிஷர், ஒத்த தன்மையுள்ள நிலத்துண்டிலேயே இனங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் முறையை வகுத்தது இதன்பொருட்டே.

மாதிரிகள் கூடினால் வேலையும் கூடுமெனச் சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை பட்ட இன்னலைக் கமக்காரர் அறிவர். உரத்தின் அருமை உணர்ந்தோர் அதனைக் குருட்டுக் கணக்கில் இடுதல் தகாது.

நிலத்தை மேல், நடு, கீழ் என மூன்றாக வகுத்தல் வேண்டும். வரம்போரத்தையும் எருக்குவியல் இருந்த இடத்தையும் தவிர்த்து, ஒவ்வொரு பகுதியிலும் பரவலாகப் பல இடங்களில் மண் எடுத்து, அப்பகுதிக்குள் மட்டும் கலத்தல் வேண்டும். மூன்று பைகளிலும் இடத்தின் பெயரைத் தவறாது எழுதுக. இடம் தெரியாத மண் எவ்வயலுக்கும் விடை கூறாது.