ஏமாந்தவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க

பாலிக் புலாவ் ஆலயத் தொண்டர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

"லவ் ஸ்கேம்ல காசு போச்சாம். இந்த வயசுல காதல் கேக்குதா?" அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் கூட இப்படிப் பேச்சு, சிரிப்பு. இந்தச் சிரிப்புதான் திருடனுக்குப் பெரிய துணை என்கிறோம்.

காசு அனுப்பியாச்சுன்னா முதல் சில மணி நேரம்தான் கணக்கு. உடனே சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கு. விட்டால் அந்தக் காசு ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிப்போகும். இதற்காகவே அரசாங்கம் 2022-ல் 997 என்ற எண்ணைத் திறந்தது. ஆனால் ஏமாந்த அக்கா அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு அறைக்குள்ளே அழுதுகிட்டு இருக்கிறார். யாருக்குப் பயந்து? திருடனுக்கு இல்லைங்க, நமக்குப் பயந்து.

எங்களில் பலர் பேக்டரி ஆளுங்க. மெஷினில் கை மாட்டினால் முதலில் சிவப்புப் பட்டனை அமுக்குவோம். யார் தப்பு என்பதெல்லாம் அப்புறம். 997-ம் அப்படித்தான்.

"பேராசை பிடிச்சவங்கதான் ஏமாறுவாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். 2014 டிசம்பரில் கேஎல்ஐஏ-வில் பிடிபட்ட ஆஸ்திரேலியப் பாட்டியை நினைச்சுப் பாருங்க. அமெரிக்க ராணுவ அதிகாரி என்று ஆன்லைனில் பழகியவனை நம்பி ஷாங்காய் போனார். அங்கே ஒருத்தர் கொடுத்த பையைத் தூக்கி வந்தார். உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் போதைப்பொருள். 2017-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கு என்றது. 2019-ல் கூட்டரசு நீதிமன்றம்தான் காப்பாற்றியது. கிட்டத்தட்ட 5 வருஷம் சிறை! அவர் காசுக்கா ஆசைப்பட்டார்? ஒரு துணைக்குத்தான். தனிமையில் இருக்கிறவங்க யாரும் நம்புவாங்க.

நம்ம பக்கம் வரும் கதை இது. முகநூலில் ஒரு டாக்டர், இல்லாட்டி எண்ணெய்க் கப்பல் இன்ஜினியர். தினமும் காலை வணக்கம். நேரில் மட்டும் வரமாட்டான். பிறகு நகை, டாலர் வைத்துப் பார்சல் அனுப்பியதாகச் சொல்வான். அடுத்து "சுங்கத்துறை" என்று ஒரு பெண் போன் போட்டு வரி கட்டச் சொல்வாள். காசு போகிற இடம் ஒரு தனி ஆளின் பேங்க் கணக்கு. சுங்கத்துறை தனி ஆள் கணக்கில் வரி வாங்காது! சந்தேகம் வந்தால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போட்டுப் பாருங்க.

கோபப்படணும்னா அந்தக் கணக்குக்காரன் மேல் படுங்க. சில நூறு ரிங்கிட்டுக்கு ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் விற்கிறவன் நம்ம தெருத் தம்பியாகவும் இருக்கலாம். "எனக்கு ஒன்னும் தெரியாது" என்றால் போலீஸ் விடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்க.

யாராவது உங்களிடம் வந்து அழுதால் கேள்வி கேட்காதீங்க. முதலில் 997, கூடவே அவர் பேங்க், பிறகு போலீஸ் ரிப்போர்ட். மெசேஜ், ரசீது எதையும் அழிக்க விடாதீங்க. "போன காசை மீட்டுத் தருகிறேன்" என்று கட்டணம் கேட்டு வருகிறவனும் திருடன்தான்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகப் பயமா? ஆலயத்துக்கு வாங்க, நாங்க கூட வருகிறோம். வெளியே ஒரு வார்த்தை போகாது.