மின்வலையின் துணைவலி

ஒன்று தவறினும் மற்றொன்று தாங்கும் என்னும் நம்பிக்கையின்மீதே இக்கால மின்சார அமைப்புகள் யாவும் எழுந்து நிற்கின்றன. ஒரு மின்பொறி நின்றால் பிறிதொன்று அதன் சுமையை ஏற்கும். ஒரு கம்பிவழி கெட்டால் ஏனைய வழிகள் மின்சாரத்தைக் கொண்டு செல்லும். இஃது அறிவுடைய ஏற்பாடே. ஆயினும், துணைகளின் தொகையை எண்ணுதல் மட்டும் போதாது. அவை ஒன்றையொன்று சாராது நிற்கின்றனவா என்று ஆராய்தலே முதற்கடன் என்பது எமது கருத்து.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். 100 முறைக்கு ஒருமுறை தவறும் கருவிகள் இரண்டு உள எனக் கொள்வோம். இரண்டும் ஒருங்கே தவறுதல் 10,000 முறைக்கு ஒருமுறையே நிகழும் என்பர். ஆனால், ஒன்றன் தவற்றுக்கும் மற்றொன்றன் தவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாவிடத்தே அக்கணக்குப் பொருந்தும். இரு விளக்குகட்கும் எண்ணெய் ஒரே கலத்தினின்று வருமாயின், கலம் வறண்டபோது இரண்டும் ஒருங்கே அவியுமன்றோ?

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் வட அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். அன்று பிற்பகல் 3.05 மணிக்கும் 3.41 மணிக்கும் இடையே, ஒகையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகர்ப்புறத்தே 345 கிலோவோல்ட்டுக் கம்பிவழிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகச் செயலற்றன. அவற்றுள் எதுவும் தான் தாங்கத்தக்க அளவைக் கடந்த சுமையை ஏற்றிருக்கவில்லை. வெம்மையால் தொய்ந்த கம்பிகள், கீழே தறிக்கப்படாது வளர்ந்திருந்த மரங்களைத் தீண்டினமையே காரணம். முன்னது வீழ, அதன் சுமை பின்னதன்மேல் ஏறியது. சுமை ஏற ஏறக் கம்பி மேலும் தொய்ந்தது. வழிகள் மூன்றாயினும், மரம் தறியாமை என்னும் குறை மூன்றுக்கும் பொதுவாயிருந்தது.

கட்டுப்பாட்டு நிலையத்திலோ, அபாயம் அறிவிக்கவேண்டிய கணினி நிரல் 2.14 மணி முதல் வாளாவிருந்தது. சிறிது பொழுதில் அதனை இயக்கிய கணினியும் நின்றது. அதற்கெனவே வைத்திருந்த துணைக்கணினி உடனே பணியை மேற்கொண்டது. ஆனால், முடங்கிய அந்நிரலையே அவ்வாறே ஏற்றமையால், சில நிமிடங்களில் அதுவும் நின்றது. அலுவலர் நிலைமையைச் செவ்வனே உணருமுன் காலம் கடந்துவிட்டது. 4.06 மணியளவில் மற்றொரு பெருவழியும் வீழ, அடுத்த சில நிமிடங்களில் அமெரிக்காவின் 8 மாகாணங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். நியூயார்க்கில் சுரங்க இரயில்கள் நின்றன. கிளீவ்லாந்தில் நீரேற்றும் பொறிகளும் மின்சாரத்தையே சார்ந்திருந்தமையால், குடிநீரும் தடைப்பட்டது.

இஃதுணர்ந்த சிலர், மின்வலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துவிடுதலே நலம் என்பர். யாம் அதற்கு உடன்படோம். அண்டையார் உதவி நாடோறும் எத்தனையோ சிறு தவறுகளைப் பொதுமக்கள் அறியாவண்ணம் தாங்கி வருகின்றது. அதனைத் துறத்தல் பேதைமை. செய்யத்தக்கது வேறு. ஒவ்வொரு துணையையும் நோக்கி, "இதனையும் இதன் தலைமைக் கருவியையும் ஒருங்கே கெடுக்கவல்ல காரணம் யாது?" என்று வினவுதல் வேண்டும். காரணம் மரமாயின் தறிக்க. நிரலாயின் துணைக்கு வேறு நிரல் அமைக்க. வெள்ளமாயின் துணைப்பொறியை மேட்டில் வைக்க. நீரேற்றும் நிலையத்திற்குத் தனி எண்ணெய்ப்பொறி அளிக்க.

இவற்றிற்குப் பொருட்செலவு உண்டு. நல்ல நாளில் இச்செலவு வீண்போல் தோன்றுவதால், நிர்வாகிகள் அதனை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் எளிது. அதுபற்றியே இதனை அவர்தம் விருப்பத்திற்கு விடலாகாது என்கின்றோம். அமெரிக்காவும் அவ்விருளுக்குப் பின்னரே, 2005-இல், மின்னுறுதி விதிகளைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றிற்று. மருத்துவமனையில் மூச்சுப்பொறியின் உதவியால் உயிர்த்திருக்கும் நோயாளிக்குத் துணைப்பொறிகள் எத்தனை என்னும் எண்ணிக்கையால் பயனில்லை. முதற்பொறி நின்ற வேளையில் ஒன்றேனும் ஓடுதல் வேண்டும். பொறியியல் பயிலப்புகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.