வான் அலை யாருக்கு?

ஒருவர் அலைமீது இன்னொருவர் ஏறினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே வானத்தைத் துண்டு போட்டு, ஏலம் விட்டு, இன்னாருக்கே உரியது என்றார்கள். வாங்கியவன் சும்மா வைத்திருந்தாலும் அடுத்தவன் தொடக்கூடாது. பண்ணையாரின் தரிசு நிலம்போல!

வேறு வழியே இல்லையா? உண்டு என்று காட்டியது, வேடிக்கையைப் பாருங்கள், அமெரிக்கப் போர்த்துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா! 2016-இல் அது அறிவித்த போட்டி, 2019 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முடிந்தது. பல குழுக்களின் வானொலிக் கருவிகளை ஒரே அலைக்கற்றையில் விட்டார்கள். பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. எங்கே காலி, எப்போது காலி, பக்கத்துக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகி, கருவியே இடம் மாற வேண்டும். இயந்திரக் கற்றலுக்கு அங்கேதான் வேலை. விதியைக் கேளுங்கள் தோழர்களே: கடைசியில் நிற்பவன் குறைந்தபட்ச அளவை எட்டாதவரை, முன்னே நிற்பவனுக்கும் அவன் மதிப்பெண்தான்! புளோரிடா பல்கலைக்கழகக் குழு வென்றது. பரிசு 20 லட்சம் டாலர்.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது, கோபுரங்களில் அல்ல என்பார்கள். மெய்தான். கோபுரத்தில் ஏற்றிப் பார்க்க யார் தடை?

ஏலம் நின்றதா? 2021-இல் அதே அமெரிக்காவில் ஒரே ஏலத்தில் 8,100 கோடி டாலர்!

நம் நாட்டிலோ, வான் அலை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2022-இல் 5ஜி அலைக்கற்றை ஏலம் போனது, 20 ஆண்டுக்கு. அந்த வேலி 2042 வரை நிற்கும்.