ஒரே தாத்தாவின் பேரன் எப்படி அந்நியன் ஆனான்?

எனக்கும் என் கணவருக்கும் தாத்தா ஒருவரே. என் அப்பாவைப் பெற்றவர்தான் அவருடைய அம்மாவையும் பெற்றார். முறைக்கு அவர் எனக்கு அத்தை மகன். மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் மலைக்கு ஏறும் வழியில் அந்தத் தாத்தாவைப் புதைத்திருக்கிறோம். பேத்தியாகிய நான் இலங்கைப் பிரஜை. பேரனாகிய அவர் அந்த இடத்துக்கு வந்து ஒரு சூடம் கொளுத்த விசா எடுக்க வேண்டும். முப்பது நாள் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். ஏன் என்று கேட்கிறேன். இதற்கு யார் பதில் சொல்வது?

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த மலை இந்த மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மிச்சப்பேர் வந்தார்கள். கோப்பி போட்டார்கள், தேயிலை போட்டார்கள், ரப்பர் வெட்டினார்கள். 1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. ஒரே சட்டத்தில் எங்கள் ஆட்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் ஆட்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு போட்டன. பங்கு போடப்பட்டவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். அத்தையைக் கட்டியவர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்களுக்கு இங்கே இருக்கப் பயம். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அத்தை புருஷனோடு கோச்சி ஏறினாள். கோச்சி நகரும்போது ஜன்னல் வழியாக அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்தாளாம். சட்டைப் பொத்தான் பிய்ந்து அவள் கையோடு போயிற்று. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கேயும் லயம்தான், கொழுந்துக் கூடைதான். என் கணவர் பிறந்தது அங்கே. இன்றைக்கும் கோத்தகிரிக் கடைவீதியில் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்கள்’ என்றுதான் பெயர். தாத்தா மட்டும் இரண்டு பக்கமும் சேராமல், எந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகாமலே இங்கே செத்தார்.

பிரிந்த குடும்பத்தை மறுபடி சேர்த்து வைக்கத்தான் பெரியவர்கள் எங்கள் கல்யாணத்தைப் பேசினார்கள். எங்கள் சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கடலுக்கு மேலே உறவைக் கட்டி வைத்திருக்கின்றன. 2022 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவரை மணக்கும் இலங்கையர் அந்த வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை பெற்ற பிறகுதான் விவாகப் பதிவு செய்யலாம் என்று பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை வந்தது. நாங்கள் பதிவுக்குப் போனது அதற்குப் பிறகு. பிறப்பதற்கு முன்பே எனக்கு முறை சொல்லி வைத்திருந்த அத்தானால் நாட்டுக்கு ஆபத்து இல்லை என்று ஒரு கடதாசி வந்தால்தான் தாலி சட்டத்தில் ஏறும் என்றார்கள். அந்தக் கடதாசிக்காகக் காத்திருந்த காலத்தில் அத்தை தொலைபேசியில் அழுத அழுகை என் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் மாவட்டத்தில்தான் சீகிரியா இருக்கிறது, தம்புள்ளை இருக்கிறது. அவற்றைப் பார்க்க வரும் இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசாக் கட்டணத்தையே அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வரட்டும், நல்லது, அவர்களால் நாலு குடும்பம் பிழைக்கிறது. ஆனால் மலையைப் பார்க்க வருபவருக்குத் திறக்கிற கதவு, பெண்டாட்டியோடு வாழ வருபவருக்கு ஏன் மூடிக்கொள்கிறது? என் கணவர் சில வாரம் வந்து போகலாம். நிலைத்து இருக்க வதிவிட விசா வேண்டும். அதற்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும், என் வதிவிடத்தை நான் நிரூபிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் வயிறு எரிகிறது. கொழும்புப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் வீட்டு உறுதி கேட்டார். லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது ஐயா? அது கம்பனியின் கையில் இருக்கிறது. கரண்ட் பில் கேட்டார். அது என் பெயரில் இல்லை. விலாசம் கேட்டார். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே மேசையில் கிடந்து, யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. தலைமுறை தலைமுறையாக அதே காம்பராவில் பிறந்து செத்திருக்கிறோம், அங்கே குடியிருப்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி என்று சேர்த்துக் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கல்யாணப் படங்களைப் பார்த்தார். “நீங்கள் உண்மையாகவே ஒன்றாக வாழ்கிறீர்களா?” என்று கேட்டார். ஒன்றாக வாழ விடுங்கள் என்று கேட்கத்தானே வந்தேன்! பிறகு வந்த கடிதம் முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி எத்தனை வருடம் ஆகிறது. அதை வாசித்துக் காட்ட இரத்தோட்டை பஸ் நிலையத்தில் ஒரு கடைக்காரரைத் தேடிப் போனேன்.

அடுத்த கிழமை வாருங்கள், அடுத்த கிழமை வாருங்கள் என்று அந்தக் கோப்பு அங்கேயே கிடந்தது. இதற்குள் என் கணவர் கையிலிருந்த விசா முடிந்துவிட்டது. கோப்பை வைத்துக்கொண்டவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. காத்திருந்த மனுஷன் அபராதம் கட்டி, நாட்டை விட்டுப் போனார். அதன்பின் இணையத்தில் போட்ட விசா விண்ணப்பம் மறுக்கப்பட்டு வந்தது. காரணம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். மருமகன் என்ற உறவிலும், தங்கச்சி பெற்ற பிள்ளை என்ற உறவிலும் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டியவர் கோத்தகிரியில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி படம் பிடித்துக் காட்டினான். மலையில் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. பக்கத்தில் அத்தை, “அண்ணன் மொகத்தைக் கிட்டக் காட்டுடா, கிட்டக் காட்டுடா” என்று கத்திக்கொண்டிருந்தாள். மண் தள்ளும்போது இணைப்பு நின்றுவிட்டது.

சட்டம் தெரிந்தவர்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே வசிக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக்கூட இலங்கைப் பிரஜையாக வழி திறந்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு அரசாங்கங்களும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, குறித்த நாளில் கப்பல் ஏறிய அத்தைக்கு என்ன கிடைத்தது? அவள் பெற்ற பிள்ளைக்கு என்ன கிடைத்தது? முன்னாள் இலங்கையர் என்று சொல்லி உரிமை கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை. 1948லேயே பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டதால், அவர்கள் ஒருநாளும் இலங்கைப் பிரஜையாக இருந்ததே இல்லை என்றாகிவிட்டது. முதலில் செய்த அநியாயத்தையே சாட்சியாக வைத்து இரண்டாவது அநியாயத்தைச் செய்கிறார்கள். இந்தியா, தன் மண்ணை விட்டுப் போனவர்களின் கொள்ளுப்பேரன் வரைக்கும் கடல்கடந்த இந்தியர் அட்டை கொடுத்து, விசா இல்லாமல் வந்து போகவும் தங்கவும் விடுகிறது. இலங்கை தன் கையால் கோச்சி ஏற்றி அனுப்பிய சனத்துக்கு அந்த மாதிரி ஒரு அட்டையைக் கொடுக்க இன்றுவரை நினைக்கவில்லை.

எங்கள் சனம் இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று ஊர் ஊராக விழா நடந்தது. முன்னோர் நடந்த வழியை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து நடந்து வந்தவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் ரோட்டோரம் நின்று அழுதேன். வந்து சேர்ந்தவர்களுக்காக அழுதேன், திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காகவும் அழுதேன். அந்த இருநூறு வருடக் கணக்கில் அவர்களும் இருக்கிறார்கள். மேடையில் அவர்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

எங்கள் ஓட்டை வாங்கிப் பாராளுமன்றம் போனவர்களைக் கேட்கிறேன். சம்பளத்துக்குப் பேசுங்கள், காணிக்குப் பேசுங்கள், அதோடு இதையும் பேசுங்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையை அத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். யார் எந்தத் தோட்டத்தில் இருந்து போனார்கள் என்பதை நிரூபிக்க எங்களால் முடியும். 1964, 1974 ஒப்பந்தங்களின்படி அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் இலங்கைக்கு வந்து போகவும் தங்கவும் உரிமை கொடுங்கள். லயத்தில் இருக்கிற பெண் உறுதி இல்லை, பில் இல்லை என்பதற்காகப் புருஷனை இழக்காதபடி, தோட்டத்துப் பதிவையே வதிவிடச் சான்றாக எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்யுங்கள். அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவள் கண் மூடுவதற்குள் செய்யுங்கள்.