உங்கள் பிள்ளையின் பெயர் எத்தனை லிஸ்டில் இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே போன் வந்துவிடுகிறது. "சார், உங்க பொண்ணு பயோ-மேத்ஸ் குரூப்தானே? எங்க காலேஜ்ல இன்னும் கொஞ்சம் சீட்தான் இருக்கு..." பேசுபவருக்கு மகளின் பெயர், பள்ளி, குரூப் எல்லாமே தெரிந்திருக்கிறது. 'நம்ம நம்பர் இவங்களுக்கு எப்படிப் போச்சு?' என்று யோசிப்பதற்குள் அடுத்த காலேஜ் லைனில் வந்துவிடுகிறது.

காலேஜ் அழைப்பு வெறும் தொல்லையோடு முடிந்துவிடும். அதே விவரங்களை வைத்துக்கொண்டு, "கல்வித்துறையிலிருந்து பேசுறோம். உங்க பையனுக்கு உதவித்தொகை வந்திருக்கு. நாங்க அனுப்புற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் பேசினால்? பையனின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்பவரைச் சந்தேகிக்கத் தோன்றாது. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால், அக்கவுன்ட்டில் இருக்கும் பணம் போய்விடும்.

எங்கெல்லாம் பதிவாகிறது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் மாணவர் விவரம் 'எமிஸ்' எனப்படும் கல்வித்துறையின் இணையதளத்தில் ஏறுகிறது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், சாதிப் பிரிவு, முகவரி, செல்போன் எண், ரத்த வகை எனப் பட்டியல் நீளம். தினசரி வருகைப்பதிவு முதல் டி.சி வரை இதன் வழியாகத்தான் நடக்கிறது. படிப்பைப் பாதியில் நிறுத்திய பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கவும் இந்தப் பதிவுதான் உதவுகிறது. ஆக, தகவல் திரட்டுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது.

தேசிய அளவில் 'யுடைஸ் பிளஸ்' என்ற இன்னொரு தளம் இருக்கிறது. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியாக அதில் பதிவாகிறது. மூன்றாவதாக வந்திருப்பது, 'ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம்' என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட 'அபார்' என்ற 12 இலக்க எண். இதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும்.

அந்த ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் குறைவு. பிள்ளையின் பெயர், முகவரி, வயது, பிறந்த தேதி, பாலினம், போட்டோ ஆகியவற்றைக் கல்வி நிறுவனங்களோடும், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களோடும்கூடப் பகிரலாம் என்று அதில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறலாம் என்பதும் அதே படிவத்தில்தான் இருக்கிறது.

ஆதார் இல்லாவிட்டால் அட்மிஷன் இல்லையா?

அப்படி மறுக்க முடியாது. பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ம் தேதி தீர்ப்பளித்தது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சலுகைகளை மறுக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

அரசு தளம் என்றால் பத்திரமா?

கொரோனா காலத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் பாடம் படித்த அரசு ஆப் 'திக்‌ஷா'. அதன் தகவல்கள் இருந்த ஒரு சர்வர் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே தெரிந்தது. சுமார் 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் அதில் இருந்தன.

இவ்வளவு பெரிய கசிவுதான் வேண்டும் என்றில்லை. பள்ளி அலுவலக கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெல் ஃபைலை ஒருவர் பென்டிரைவில் ஏற்றினால் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மொத்த மாணவர் பட்டியலும் போட்டோவாக வந்து விழுந்தால் போதும். கல்விக் கண்காட்சியில் இலவசப் பேனாவுக்காகப் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கும் நம்பர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறவும் உரிமை உண்டு.

ஆனால், இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாதங்கள் ஆகும். மேலும், அரசு நலத்திட்டங்களுக்காக அரசே தகவல் பெறும்போதும், கல்வி, பாதுகாப்பு காரணங்களுக்காகப் பள்ளிகள் பிள்ளைகளைக் கண்காணிக்கும்போதும் சில விலக்குகள் இருக்கின்றன.

பெற்றோர் இப்போதே செய்யக்கூடியவை

* படிவம் வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இது கட்டாயமா? எதற்காக? யாருக்கெல்லாம் போகும்?

* ஆதார் நகல் கொடுக்க வேண்டியிருந்தால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று கேட்கலாம். ஆதார் இணையதளத்தில் அதை டவுன்லோடு செய்யலாம். நகலின் மேல் 'பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவது நல்ல பழக்கம்.

* வகுப்பு குரூப்பில் பிள்ளைகளின் பட்டியல் வந்தால், நீக்கச் சொல்லி ஆசிரியரிடம் தனியாகத் தெரிவிக்கலாம்.

* உதவித்தொகை என்று போன் வந்தால், கட் செய்துவிட்டுப் பள்ளிக்குப் பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடு ஸ்கேனோ பின் நம்பரோ தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

பிள்ளையின் ஃபீஸ் ரசீதைப் பத்திரமாக ஃபைல் போட்டு வைக்காத வீடு இல்லை. எந்தப் படிவத்தில், எந்தத் தேதியில், என்னென்ன விவரம் எழுதிக் கொடுத்தோம் என்பதையும் ஒரு போட்டோ எடுத்து அதே ஃபைலில் சேர்த்துவிடலாம். நாளைக்கு யாராவது போனில் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசினால், அந்த விவரம் எங்கிருந்து போயிருக்கும் என்று தேட அதுதான் கையில் இருக்கும்.