திறந்த வாயிலும் மறைந்த கண்ணியும்

அறிவு யாவர்க்கும் பொது என்று மேடையில் முழங்குதல் எளிது. அதனைச் சட்டத்தில் ஒப்புதல் அரிது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் வளாகமெங்கும் கம்பியில்லா இணைய வலையை விரித்து, ‘வருக! கற்க!’ என்று அழைக்கின்றன. அவ் வலை அறிவைப் பரப்பும் வலையா, அறிவை நாடி வருவாரைச் சிக்கவைக்கும் வலையா? இவ் வையம் வெறும் கற்பனையன்று. ஓர் இளைஞனின் உயிர் இதற்குச் சான்று.

மாசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் இணையத்தை வெளியாருக்கும் திறந்து வைத்திருந்தது. விருந்தினராகப் பதிந்துகொண்ட எவரும், ‘சேசுடோர்’ என்னும் ஆய்விதழ்க் களஞ்சியத்தை அங்கிருந்தே படிக்கலாம். 2010-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஆரோன் சுவார்ட்சு என்னும் இளைஞர் இவ் வாயில் வழியே நுழைந்தார். தானே இயங்கும் நிரல் ஒன்றைக் கொண்டு ஏறத்தாழ 48 நூறாயிரம் கட்டுரைகளைத் தம் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டார். களஞ்சியத்தார் தடுத்தபொழுது கணினியின் அடையாளத்தை மாற்றினார். பின்னர் அதனைக் கம்பிகள் கூடும் சிற்றறை ஒன்றில் மறைத்தும் வைத்தார். இவை தவறல்ல என்று எவரும் வழக்காட வேண்டுவதில்லை.

ஆனால், தவற்றுக்கும் ஒறுப்புக்கும் ஓர் அளவு உண்டன்றோ? 2011 சனவரியில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். இழப்புற்றதாகச் சொல்லப்பட்ட களஞ்சியத்தாரோ அவ்வாண்டின் இடையிலேயே அவருடன் உடன்பாடு கண்டு, தமக்கு இனி வழக்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டனர். பொருளுக்குக் காவலர் ஒதுங்கிய பின்னும் அரசு ஒதுங்கவில்லை. 35 ஆண்டுச் சிறையும் பத்து நூறாயிரம் டாலர் தண்டமும் வரை விதிக்கத்தக்க குற்றங்களை அது அவ்வாண்டு சூலையில் சாற்றியது. 2012-இல் குற்றச்சாட்டுகள் பதின்மூன்றாகப் பெருகின. 2013 சனவரி 11-ஆம் நாள், தம் 26-ஆம் அகவையில், சுவார்ட்சு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வாயிலைத் திறந்து வைத்த கழகமோ, இறுதிவரை ‘நடுநிலை’ காத்ததாகச் சொல்லிக்கொண்டது! வலியோன் ஒருவன் எளியோன் ஒருவனை நெரிக்கும்பொழுது பார்த்துக்கொண்டிருப்பது நடுநிலையன்று. வலியோன் பக்கம் நிற்றலே ஆகும்.

எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய இச் செயலுக்கு வித்து எங்கே உள்ளது? 1986-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தில் உள்ளது. ‘இசைவின்றி நுழைதல்’ குற்றம் என்றது அச் சட்டம். இசைவு என்பது யாது என்று மட்டும் அது தெளிவுறச் சொல்லவில்லை. ஆகவே, நிறுவனங்கள் தம் விருப்பம்போல் எழுதிவைத்த பயன்பாட்டு விதிகளை மீறுவதுங்கூடச் சிறைக்குரிய குற்றம் என்று அரசு வழக்குரைஞர் சொல்லும் நிலை வந்தது. மக்கள் மன்றம் இயற்ற வேண்டிய சட்டத்தை வணிகரின் எழுதுகோல் இயற்றியது.

இதன் மறுபக்கத்தையும் காண்க. 2002-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பேராளர் ஓவர்டு பெர்மன் என்பார் ஒரு சட்ட வரைவை முன்வைத்தார். மக்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் இணைய வலையில் பதிப்புரிமையுடையோர் புகுந்து, தம் படைப்புகள் இசைவின்றிப் பகிரப்படுவதைத் தடுக்கவும் முடக்கவும் செய்யலாம். அதற்காக அவர்மேல் வழக்கில்லை என்றது அவ் வரைவு. கோப்புகளை அழித்தலாகாது என ஒரு வரம்பு இருந்தது மெய்யே. ஆயினும், அதனால் இழப்புற்றவன் நேரே வழக்குமன்றம் ஏற இயலாது. முதலில் அரசின் தலைமை வழக்குரைஞரிடம் முறையிட வேண்டும்!

மாணவன் பிறர் கணினியில் கைவைத்தால் அது குற்றம். இசைத்தட்டு வணிகன் மாணவன் கணினிக்குக் குறுக்கே கைவைத்தால் அஃது உரிமை! செயல் ஒன்றே, செய்வோன் மாறின் சட்டமும் மாறுமாம்! அவ் வரைவு நிறைவேறாது மடிந்தது. ஆனால், அதனை ஈன்ற எண்ணம் மடியவில்லை. 2008-இல் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், இசைவற்ற பகிர்வைத் தடுக்கத் தொழில்நுட்பத் தடைகளையும் உள்ளடக்கிய திட்டம் வகுக்குமாறு பல்கலைக்கழகங்களைப் பணித்தது. கற்பிக்க வந்த ஆசானின் கையில், வணிகனுக்குக் காவல் நிற்கும் கோல் திணிக்கப்பட்டது.

சுவார்ட்சு மறைந்த ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு திருத்த வரைவு முன்வைக்கப்பட்டது, அதுவும் நிறைவேறவில்லை. 2021-இல்தான் அந்நாட்டு உச்ச வழக்குமன்றம், நுழைய இசைவு பெற்றவன் தீய நோக்கத்தோடு பயன்படுத்தினான் என்பதாலேயே அவன் இசைவை மீறியவன் ஆகான் என்று அச் சட்டத்தின் பிடியைச் சற்றே தளர்த்தியது. எட்டாண்டு கழித்து வந்த அச் சிறு தெளிவு, இழந்த உயிரை மீட்டுத் தராது.

படைப்பவன் பயனடைய வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால், சேசுடோரில் அடுக்கப்பட்டவை ஆய்வாளர்தம் உழைப்பின் விளைவுகள். அக் கட்டுரைகளை எழுதியோர்க்கு இதழ்கள் கூலி கொடுப்பது வழக்கமில்லை. படிப்போரிடமோ விலை கேட்கின்றனர்! உழுதவன் ஒருவன், களத்துக்குப் பூட்டிட்டவன் மற்றொருவன் என்றால், அப் பூட்டைக் காக்கவே சட்டம் முந்துவது எவ்வகை முறை?

விருந்துக்கு அழைத்தவன் உண்பவனின் இலையை எண்ணிக்கொண்டிருக்கலாகாது. மிகுதியாக உண்டான் என்று அவனைச் சிறைக்கு அனுப்பலும் ஆகாது. வளாக வலை பெரிதென்றும் விரைவென்றும் பெருமை பேசுமுன், அவ் வலையின் கயிறு எவர் கையில் உள்ளது என்று மாணவர் கேட்கக் கடவர். கயிறு வணிகன் கையில் உள்ளவரை, திறந்த வாயில் என்பது கண்ணிக்கு இட்ட பெயரே!