யோசனை கூறும் உத்தியோகம்

இவ்வாண்டு இறுதி வகுப்பில் பயிலும் மாணவர் சிலர் ஒரு மாலையில் எம்மிடம் வந்து, "ஐயா, ஆலோசனைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, சேரலாமா?" என்று வினவினர். யாம் உடனே விடை பகரவில்லை. 'கன்சல்டன்ஸி' என்னும் அச்சொல் எமதூராகிய சித்தையன்கோட்டையில் ஒரு பொருளையும், சென்னை, மும்பை முதலிய நகரங்களில் வேறொரு பொருளையும் தருவதே அதற்குக் காரணம்.

எமதூரிலும், செம்பட்டியிலும், திண்டுக்கல் பஸ் நிலையத்தைச் சூழ்ந்த சந்துகளிலும் 'கன்சல்டன்ஸி' என்றால், வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பெறும் இடம் என்றே பொதுமக்கள் கொள்வர். மின்கம்பத்தில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் ஒரு தொலைபேசி எண். மாடிப்படி ஏறினால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஓர் உலகப் படம். எமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் தாயின் வளையலை அடகு வைத்து நாற்பதினாயிரம் ரூபாயை அத்தகைய மேசையொன்றின்மீது வைத்துவிட்டு வந்தார். மூன்று மாதங் கழித்துச் சென்று பார்த்தபோது, மேசையும் இல்லை, உலகப் படமும் இல்லை. வளையல் இன்றும் மீளவில்லை. ஆதலின் மாணாக்கர்க்கு யாம் முதலில் கூறியது இதுதான்: வேலைக்கு எடுத்துக்கொள்பவன் சம்பளம் கொடுப்பானேயன்றிப் பணம் கேட்கமாட்டான். கேட்பானாயின், அவ்விடத்தைவிட்டு எழுந்துவிடுக.

நிற்க. அவர்கள் கேட்டது மற்றைய வகையைப் பற்றியே. பிறருடைய வியாபாரத்தையோ, ஆலையையோ, அரசாங்க இலாகாவையோ ஆராய்ந்து, இன்னது செய்க என்று யோசனை கூறி, அதற்குக் கூலி பெறுங் கம்பெனிகள் மேல்நாட்டில் நெடுநாளாக உள்ளன. ஆர்தர் லிட்டில் என்னும் இரசாயன அறிஞர் 1886-ல் பாஸ்டன் நகரில் ஒன்றைத் தொடங்கினார். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த ஜேம்ஸ் மெக்கின்ஸி 1926-ல் தம் பெயரால் ஒன்றை நிறுவினார். இன்று இவை உலகெங்கும் கிளை பரப்பியுள்ளன. நம் நாட்டுக் கல்லூரிகட்கும் ஆள் தேடி வருகின்றன.

இவற்றில் சேரும் இளைஞன் செய்வது யாது? நாலைந்து பேர் கொண்ட குழுவில் ஒருவனாகச் சில வாரங்கட்கோ சில மாதங்கட்கோ அந்நிய ஆலையொன்றிற்கு அனுப்பப்படுகிறான். புள்ளிகளைத் திரட்டி எக்ஸெல் ஏட்டில் அடுக்கி, அவற்றைப் பவர்பாயிண்ட் படங்களாக்கி, நள்ளிரவில் மேலாளர்க்கு அனுப்பி, விடியுமுன் திருத்தம் பெறுகிறான். அவையில் எழுந்து பேசுவோர் மூத்த பங்காளிகள். சம்பளம் நல்ல சம்பளமே. அதனை யாம் மறைக்கவில்லை. ஆனால் சில கம்பெனிகளில், இரண்டு மூன்றாண்டுகட்குள் மேற்படி ஏறாதவனை வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. கடன் வாங்கிப் படித்தவன் இதனையுங் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எம்மை வருத்துவது இவ்வுழைப்பன்று. இருபத்திரண்டு வயதினன், நாற்பதாண்டு ஆலை நடத்தியவனுக்கு யோசனை கூறத் துணிவதே எமக்கு வியப்பளிக்கிறது. வள்ளுவர் அமைச்சியலில் பத்து அதிகாரம் வகுத்தார். யோசனை சொல்வோனுக்கு அவர் விதித்த தகுதிகளைக் கண்டால் நம்மிற் பலர் விண்ணப்பமே எழுதோம். மெக்கின்ஸியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. மார்ஷல் பீல்டு என்னும் பெருங்கடைக்கு யோசனை கூறிய அவரையே, 1935-ல் அக்கடையார் தலைவராக அழைத்துக்கொண்டனர். தாம் எழுதிய மருந்தைத் தாமே ஊட்டும் நிலை அவர்க்கு வந்தது. ஆட்களைக் குறைத்தார்; பகை வளர்ந்தது; ஈராண்டிற்குள், 1937-ல், நிமோனியாக் காய்ச்சல் கண்டு நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். வெளியில் நின்று சொல்வதும் உள்ளே நின்று செய்வதும் எத்துணை வேறு என்பதை அவரினும் நன்கறிந்தார் யாவர்?

ஈராண்டுக்கு முன் ஒரு மாணவர், படிப்பின் பொருட்டு வினாத்தாள் ஒன்றுடன் எமதூர் வயல்கட்கு வந்திருந்தார். உடன் சென்றோம். ஏக்கருக்கு எத்தனை முறை நீர் பாய்ச்சுகிறீர்கள் என்று ஒரு முதியவரைக் கேட்டார். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தலைமடைக்காரங்கிட்டக் கேட்டா ஒரு கணக்குச் சொல்லுவான். கடைமடைக்காரன் வேற கணக்குச் சொல்லுவான். ரெண்டையுங் கேட்டுட்டு எழுதுங்க தம்பி," என்றார். மாணவரின் தாளில் ஒரே ஒரு கட்டந்தான் இருந்தது. அவர் சற்று நேரம் அதனையே நோக்கி நின்றார். பிறகு கடைமடைக்கு நடந்தார். வெயில் கடுமையாக இருந்தது. யாம் மரநிழலிலேயே தங்கிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆத்தூர்க் காமராசர் அணையிலிருந்து வரும் நீரில் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, குடகனாற்றிற்கு எவ்வளவு என்பதில் இருபுறத்து உழவர்க்கும் நெடுங்காலமாக வழக்குண்டென்பதை எம் பக்கத்தார் அறிவர். வல்லுநர் குழுவும் அமைக்கப்பட்டது. இத்தகைய வழக்கில் ஒருபுறத்துக் கணக்கை மட்டும் அழகிய படமாக வரைந்து காட்டுபவன், எத்துணைக் கெட்டிக்காரனாயினும், ஊருக்குத் தீங்கே செய்வான்.

இவ்விடத்து ஜே. ஸி. குமரப்பாவை நினையாதிருக்க இயலவில்லை. 1892-ல் தஞ்சையிற் பிறந்த அவர், இலண்டனிற் கணக்கியல் கற்று, பம்பாயில் கணக்காய்வுத் தொழில் நடத்தி, பின் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். தம் தொழிலுக்கே திரும்பியிருந்தால் பெருஞ்செல்வராயிருப்பார். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு, குஜராத் வித்யாபீட மாணவரை அழைத்துக்கொண்டு மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று, வீட்டு வரவு செலவைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரும் கணக்கரே, அவர் கையிலும் அட்டவணைகளே இருந்தன. ஆயினும் அவ்வட்டவணைகள் வரி செலுத்துவோன் திண்ணையிலிருந்து எழுந்தவை. இறுதி நாட்களை மதுரைச் சீமையில் கல்லுப்பட்டியிற் கழித்து, 1960-ல் காலமானார். ஆலோசனைத் தொழிலுக்குச் செல்லும் நம் மாணவர் அறியவேண்டிய முன்னோடி, சிகாகோவிலன்று, இவ்வளவு அண்மையிலேயே இருந்தார்.

பெற்றோர்கள் வேறொருவரை எடுத்துக் காட்டுவர். காவிரிக்கரை மோகனூரில் தமிழ்வழிப் பள்ளியிற் படித்த ந. சந்திரசேகரன், கோவையிலும் திருச்சியிலும் பயின்று, 1987-ல் டாடா கன்சல்டன்ஸி சர்வீஸஸில் சேர்ந்து, 2009-ல் அதன் தலைமை நிர்வாகியாகி, 2017-ல் டாடா சன்ஸின் தலைவருமானார். உண்மை. ஆனால் அக்கம்பெனி பெயரில் கன்சல்டன்ஸியைத் தாங்கினும், 1968-ல் தொடங்கியபோது அதற்குக் கிட்டிய வேலை துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பிறர் கணக்கைச் செய்து கொடுப்பதே. சந்திரசேகரனும் முதலில் கையால் வேலை செய்தார். தலைமைப் பதவிக்கு இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. அந்த இருபத்திரண்டையும் விட்டுவிட்டு 1987-ஐயும் 2009-ஐயும் மட்டும் பிள்ளைகளிடம் சொல்வது முறையன்று.

இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். 1994 முதல் 2003 வரை மெக்கின்ஸிக்குத் தலைவராயிருந்த ரஜத் குப்தா, நம் நாட்டில் பிறந்து அப்பதவியெய்திய முதல்வர். அப்பதவியை விட்ட பின்னர், தாம் அங்கம் வகித்த வங்கியொன்றின் இரகசியங்களை நண்பர்க்குச் சொன்னதாக 2012-ல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றார். வலிமருந்து விற்பனையைப் பெருக்க யோசனை கூறியது பற்றி எழுந்த வழக்கில், அமெரிக்க மாநிலங்கட்குச் சுமார் 57 கோடி டாலர் தர 2021-ல் அக்கம்பெனி இசைந்தது. அம்மருந்துக்கு அடிமையாகி மடிந்தோர் பலர். அந்த யோசனைக்கு வேண்டிய படங்களை வரைந்தோருள், கல்லூரியை விட்டுச் சில ஆண்டே ஆனவரும் இருந்திருப்பர் என்றே எண்ணுகிறோம். புள்ளிகள் பிழையற்றிருந்திருக்கும், கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் எவரும் கேட்கவில்லை.

ஆகவே மாணாக்கர்க்கு யாம் முடிவாகச் சொன்னது: சேருக. குடும்பக் கடனைத் தீர்ப்பது இழிவன்று. யோசனை கூறுவதும் இழிவான தொழிலன்று. ஆயினும், இயலுமாயின் அதற்குமுன் ஓராண்டேனும் சின்னாளப்பட்டித் தறிக்கூடத்திலோ, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலோ, திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலோ கணக்கெழுதி, ஒரு தொழில் இலாபமும் நட்டமும் அடைவதைக் கண்ணாற் காண்க. அவர்களுள் ஒருவர், "அந்த ஓராண்டுக்குக் கடன் வட்டியை யார் கட்டுவார், ஐயா?" என்றார். அதற்கு எம்மிடம் நல்ல விடையில்லை. அம்மாணவர் ஜூலையில் வேலைக்குச் செல்கிறார்.

இத்தொழிலில் அமர்ந்துள்ள நம் பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிப்பர். தாம் முதலாண்டிற் செய்த வேலை யாது, சொல்ல விரும்பியும் சொல்லாது விட்டது யாது என்பதை மறையாது எழுதி, அடுத்த இதழுக்கு அனுப்புவாராயின், அவ்விளைஞர்க்கு எம் வார்த்தையினும் அது பயன்படும்.